உஷார்! மலை காய்ந்து கிடக்கிறது

கோடை விடுமுறைக்குத் திருவண்ணாமலை கிளம்புகிறீர்களா? பையில் சூடமும் தீப்பெட்டியும் இருந்தால் அவற்றைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலைமேல் கொண்டுபோகாதீர்கள். மலைச்சரிவில் இருக்கும் விரூபாட்ச குகைக்குப் போகிற வழியில் ஒரு பாறையைப் பார்த்ததும் கைகூப்பத் தோன்றும். கூப்புங்கள், தப்பே இல்லை. சூடம் மட்டும் ஏற்றவேண்டாம். இது பக்தியைக் குறை சொல்லும் பேச்சல்ல, உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை.

தை முடிந்து மாசி பிறந்தாலே அண்ணாமலையின் நிறம் மாறிவிடும். கார்த்திகையில் பச்சையாக நின்ற மலை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். கிட்டே போனால் இடுப்புயரம் நிற்கும் மஞ்சம்புல், ஈரம் துளியும் இல்லாமல் சருகாகக் கிடக்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூரை வேய அறுத்து வருகிற அதே புல்தான். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்குக் காரணம் புல்லில் உள்ள எண்ணெய். காய்ந்தபிறகும் அந்த எண்ணெய் முழுக்கப் போய்விடுவதில்லை. மலைமேல் ஏக்கர் கணக்கில் எண்ணெய் தடவிய திரி விரித்துக் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சமதளத்தில் புல் பற்றினால் ஓடித் தப்பிக்கலாம். சரிவில் அது நடக்காது. தீ மேல்நோக்கித்தான் நாக்கை நீட்டும். தனக்கு மேலே இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்னாலேயே சூட்டால் வாட்டித் தயாராக்கிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. மனிதனோ சரிவு கூடக்கூட மெதுவாகத்தான் ஏறமுடியும். கீழே புகை தெரிந்ததும் பயந்து உச்சியைப் பார்த்து ஓடுகிறவர்கள், தீ போகிற திசையிலேயே ஓடுகிறார்கள்.

குரங்கணியை அதற்குள் மறந்துவிட்டோமா? 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கங்களிலிருந்து மலையேற்றம் போனவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். அங்கேயும் காய்ந்த புல்வெளிச் சரிவுதான். தப்பிக்கப் பள்ளத்தில் குதித்தவர்களும் உண்டு. மொத்தம் 23 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. இன்று அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளில் மலையேற்றம் நடத்துகிறது. அந்தப் பாதைகளையும் 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று சொல்லி மூடி வைத்தார்கள். பயிற்சி பெற்ற வழிகாட்டி, அனுமதிச் சீட்டு எல்லாம் இருக்கும் பாதைகளுக்கே இந்தக் கதி. செருப்பும் இல்லாமல், தண்ணீர் பாட்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறுகிற நம்மைப் பற்றி என்ன சொல்ல?

இங்கே ஒரு கேள்வி வரும். எனக்கும் பலமுறை வந்த கேள்விதான்: "அக்னித் தலம் சார் இது. மகாதீபமே மலை உச்சியில்தானே ஏற்றுகிறார்கள்?" ஏற்றுகிறார்கள். கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையில் மலை நனைந்திருக்கும்போது, பாறை உச்சியில், செப்புக் கொப்பரைக்குள், பொறுப்பான ஆட்களின் கண்காணிப்பில் ஏற்றுகிறார்கள். 11 நாள் எரிந்தாலும் அந்தத் தீ கொப்பரையை விட்டு இறங்குவதில்லை. பங்குனியில் நீங்கள் புல்லுக்கு நடுவே வைத்துவிட்டுப் போகும் ஒரு வில்லைச் சூடத்துக்குக் கொப்பரையும் இல்லை, காவலும் இல்லை. காற்று வந்தால் போதும். கிருத யுகத்தில் அக்னியாக, திரேதா யுகத்தில் மாணிக்கமாக, துவாபரத்தில் பொன்னாக நின்ற மலை, கலியுகத்தில் நமக்காகக் குளிர்ந்து கல்லாக நிற்கிறது என்று தலபுராணம் சொல்லி வளர்ந்த ஊர் இது. அண்ணாமலையாரே இரங்கிக் குளிர்ந்துவிட்டார். நாம் எதற்குத் திரும்பப் பற்றவைக்கவேண்டும்?

சூடம் மட்டுமல்ல. அணைக்காமல் வீசிய பீடி, சிகரெட், மூன்று கல் கூட்டிச் சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைக்கும் தீ, சும்மா விளையாட்டுக்குப் பற்றவைப்பது, எல்லாம் உண்டு. கோடையில் நம் பக்கத்து மலைகள் தாமாகப் பற்றிக்கொள்வது அபூர்வம். மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்பது கேட்க நன்றாயிருக்கும் கதை. கிட்டத்தட்ட எல்லாத் தீயும் மனிதன் கை வைத்ததுதான். இந்த மலை காப்புக்காடு என்பதையும் மறக்கவேண்டாம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது தண்டனைக்குரிய குற்றம். வேண்டுதல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பற்றிவிட்டால் யார் அணைப்பது? தீயணைப்பு வண்டி மலையடிவாரக் கிரிவலப் பாதையோடு நின்றுவிடும். அதற்குமேல் ஏற அதற்குச் சக்கரமும் போதாது, குழாயும் எட்டாது. வனத்துறைப் பணியாளர்களும் ஊர் இளைஞர்களும் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு ஏறவேண்டும். பச்சைத் தழைக் கொப்பை ஒடித்து, தீயின் ஓரத்தில் நின்று அடித்து அடித்து அணைக்கவேண்டும். இங்கே 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை பல ஆண்டுகளாக மரக்கன்று நடுவதோடு, கோடை வருமுன்னே புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடுகள் போடுவதையும் தீயணைப்பதையும் ஒரு வேலையாகவே செய்துவருகிறது. தீத்தடுப்புக் கோடு என்பது புல்லே இல்லாமல் சுத்தம் செய்த ஒரு பட்டை. அங்கே வந்ததும் தீக்குத் தின்ன எதுவும் கிடைக்காமல் நின்றுவிடவேண்டும் என்பது கணக்கு. பலத்த காற்றடித்தால் பொறி பறந்து அந்தப் பட்டையையும் தாண்டிவிடும். அப்போது கொப்புதான் கதி. இதெல்லாம் நடக்கும்போது ஊருக்குள் மொட்டைமாடியில் நின்று, மலைக்கு மாலை போட்டதுபோல் இருக்கிறது என்று செல்போனில் படம் பிடிக்கிறோம்.

எரிந்தால் என்ன, மழை வந்தால் மறுபடி பச்சையாகிவிடுமே என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இந்த நினைப்பைக் கண்டுதான். பச்சையாகும், உண்மை. ஆனால் பச்சையாவது புல். புல்லின் தலைதான் எரியும். வேர் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கும், முதல் மழைக்கே துளிர்த்துவிடும். மரக்கன்று அப்படியில்லை. மூன்று வருஷம், நான்கு வருஷம் காத்து வளர்த்த கன்று ஒரே ராத்திரியில் கருகிவிடும். கன்று செத்த இடத்தையும் அடுத்த மழையில் புல் பிடித்துக்கொள்ளும். புல் கூடினால் அடுத்த கோடைத் தீ இன்னும் பெரிதாகும். தீ புல்லை வளர்க்கிறது, புல் தீயை வளர்க்கிறது. மரம் உயர்ந்து நிழல் விழுந்தால்தான் புல் ஒடுங்கி இந்தச் சுழல் அறுபடும். மொட்டைப் பாறையாகக் கிடந்த சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் பக்தர்களும் உள்ளூர்க்காரர்களும் நட்டு வளர்த்த காட்டைத்தான், கந்தாஸ்ரமத்துக்கு ஏறும்போது நிழலாக அனுபவிக்கிறோம். ரமண மகரிஷி 1922 வரை வாழ்ந்த அந்த இடத்துக்கு நடக்கும்போது தலைக்குமேல் நிழல் இருப்பது தற்செயலல்ல.

மலைமேல் பிடிமானம் போனால் ஊருக்கு என்ன ஆகும் என்ற பயமும் நமக்கு இனி இருந்தாகவேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அதற்குத் தீதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பெய்தது பேய்மழை. ஆனால் செடிகொடி இல்லாத சரிவில் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு வரும் என்பதற்கு நிபுணர் தேவையில்லை. அந்த வருஷம் தீபத்தன்று மலையேற பக்தர்களை அனுமதிக்கவில்லை. புவியியல் வல்லுநர்கள் வந்து பார்த்து, மண் பலவீனமாக இருக்கிறது என்று சொன்ன பிறகு எடுத்த முடிவு அது.

ஆகவே, வழி தெரிந்தவர்கள்போல் கண்ட இடத்தில் ஏறாதீர்கள். விரூபாட்ச குகைக்கும் கந்தாஸ்ரமத்துக்கும் கல் பாவிய பாதை இருக்கிறது. காலையில் போய்விட்டு வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். உச்சிக்கு ஏற வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுக்குள் போகும் பழைய உள்வழிப் பாதையும் அடைத்தாயிற்று. "குறுக்குவழி காட்டுறேன், வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் நம்பிப் போகவேண்டாம். 2025 மார்ச்சில் தியானத்துக்காக மலைக்குச் சென்ற பிரெஞ்சுப் பெண் கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரில் ஒரு வழிகாட்டி கைது செய்யப்பட்டார். தனியாக வருகிற பெண்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கிரிவலம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதை 14 கிலோமீட்டர். சித்ரா பௌர்ணமி, சில வருஷங்களில் அக்னி நட்சத்திரத்தை ஒட்டியோ அதற்குள்ளேயோ வரும். பகல் 11 மணிக்குமேல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கொப்பளிக்கும். சாயங்காலம் வெயில் தணிந்து கிளம்புங்கள், அல்லது விடியுமுன் முடித்துவிடுங்கள். கூட வருகிற பெரியவருக்கு வியர்ப்பது நின்று, தோல் சுட்டு, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பல்ல, வெப்பத்தாக்கு. நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் வரும் அஷ்டலிங்கத்தில் மீதி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஈசான்ய லிங்கம் எங்கும் போய்விடாது.

அன்னதானம் கொடுக்கிறவர்கள் புண்ணியவான்கள்தான். ஆனால் பிளாஸ்டிக் டம்ளரையும் பாலித்தீன் தடவிய தட்டையும் கொடுத்துவிட்டுப் போனால் பாதி புண்ணியம் பாதையோரத்திலேயே கிடக்கும். 2019 ஜனவரி 1 முதல் இவை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. சோற்று வாசம் பிடித்த பையை மாடும் மானும் சேர்த்து விழுங்கும். வாழையிலை, மந்தாரை இலை நம் ஊரில் கிடைக்காத பொருளா? தண்ணீர் தேடிப் புள்ளிமான்கள் கோடையில் சாலை வரைக்கும் இறங்கி வரும். நாய் துரத்திச் சாவதும் வண்டியில் அடிபட்டுச் சாவதும் நடக்கிறது. இரவில் கிரிவலப் பாதையில் கார் ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறையுங்கள். குரங்குக்கும் மானுக்கும் பிஸ்கட் போடாதீர்கள். போட்டால் அது நாளைக்கும் சாலைக்கு வரும்.

மலையில் எங்கே புகை கண்டாலும், அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். 101 அல்லது 112-ஐ உடனே அழைத்து, எந்தப் பக்கச் சரிவு, கீழே எந்த லிங்கம், எந்தத் தெரு என்று அடையாளம் சொல்லுங்கள். நீங்கள் மலைமேல் இருந்தால் மேலே ஏறாமல், புல் இல்லாத பாறைப் பக்கமாக ஒதுங்கிக் கீழே இறங்கப் பாருங்கள். வீடியோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.