செல்லரிக்கும் எம்பி3

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் இருக்கிறது திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய தலம், மாசிமகத்துக்குச் சுவாமி கடலாடப் போகிற ஊர். 2010-ல் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி.யின் வளாகமும் இங்கேதான். பொறியியல் விடுதி என்றால் நாலு கிதார் இருக்கும். கிதார் இருந்தால் 'இண்டி ராக்' பேச்சும் இருக்கும். எம்பி3 கோப்புகள் கைமாறித் திரிந்த காலத்தில், ஏறத்தாழ 2004 முதல் 2012 வரை, வெளிவந்த சிறந்த இண்டி தொகுப்புகள் எவை என்பதுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு.

பட்டியலைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆர்கேட் ஃபயரின் 'ஃப்யூனரல்' (2004). கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்த சி.டி.க்கள் இணையத்தில் பரவியதால், 2006 ஜனவரியில் முதல் வாரமே பிரிட்டனில் 3,60,000-க்கு மேல் விற்ற ஆர்க்டிக் மங்கீஸின் முதல் தொகுப்பு. 2007 அக்டோபரில் 'உங்களுக்கு இஷ்டமான விலை கொடுங்கள்' என்று ரேடியோஹெட் இறக்கிய 'இன் ரெயின்போஸ்'. இவை தெரிந்த கதைகள்.

நம் காதுக்குக் கிட்டே வருவது எம்.ஐ.ஏ.வின் 'கலா' (2007). முதல் தொகுப்புக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்', இரண்டாவதற்கு அம்மாவின் பெயர். அமெரிக்க விசா இழுபறியாக, ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார் இந்த ஈழத்துப் பெண். அதில் சென்னையும் ஒன்று. 'பேர்ட் ஃப்ளூ'விலும் 'போய்ஸி'லும் அதிர்வது நம் உறுமி. 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி'யின் காட்டுக்குயில் தலைகாட்டுகிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' எழும்பி நிற்பதோ 1982-ல் க்ளாஷ் குழு வாசித்த கிதாரின் மேல். 'இது ராக்கே இல்லை' என்பவர்கள் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை 'கலா' பற்றியது அல்ல, அதற்கு முந்தையது. 2004-ல் டிப்ளோவுடன் சேர்ந்து எம்.ஐ.ஏ. ஒரு மிக்ஸ்டேப் போட்டார். பிறர் பாட்டுத் துண்டுகளை அனுமதி வாங்காமல் ஒட்டிச் சேர்த்ததால் அது முறைப்படி கடைக்கு வர வழியில்லாமல், கைக்குக் கை, கோப்புக்குக் கோப்பு என்றே பரவியது. யாரோ சேமித்து வைத்திருக்கும்வரை அது உண்டு. அந்தக் காலத்து இசையில் நிறைய இப்படித்தான். ஒரு பெரிய இசைத்தளம் தன்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏற்றப்பட்டிருந்த பாடல்கள் அழிந்துவிட்டதாக 2019-ல் அறிவித்தது. பிரதி வைத்திருக்காத சின்னக் குழுக்களுக்கு அதோடு சரி.

சென்னையில் கிஷோர் கிருஷ்ணாவின் ஆடம் அண்ட் த ஃபிஷ் ஐட் போயட்ஸ் 2009-ல் 'ஸ்னேகிசம்' கொண்டுவந்தது. 2012-ல் கபேர் வாசுகியின் 'அழகு புராணம்' வந்தது. சினிமாவின் தயவில்லாமல் நம்மூரில் எழுந்த குரல்கள். இவற்றைக் காப்பது யார்? 1954 சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். மூன்றாந்தர நாவலுக்குக்கூட அந்தப் பாதுகாப்பு உண்டு. பாட்டுக்குக் கிடையாது.

'எல்லாம்தான் இப்போது செயலியில் கிடைக்கிறதே' என்பார்கள். உரிம ஒப்பந்தம் முடிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போவதும் அங்கேதான்.

இப்படி இழப்பது நமக்குப் புதிதல்ல. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், செல்லரித்தது போக மிஞ்சியதையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்றும் சொல்கிறது மரபு. மிஞ்சியதில் திருவேட்டக்குடிப் பதிகமும் ஒன்று. பண்கள் மறந்துபோய், யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணைத் தேடி எருக்கத்தம்புலியூர் வரை போகவேண்டியிருந்தது. ஏட்டில் நாலு எழுத்து போனாலும் மிச்சத்தை வாசிக்கலாம். ஹார்டு டிஸ்க் ஓட மறுத்துவிட்டால் ஒரு வரிகூடத் தேறாமல் போகலாம்.

அப்போது விடுதிக் கணினி வலையில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பாட்டுப் பகிர்ந்தவர்கள் இப்போது பெங்களூரிலும் சியாட்டிலிலும் இருக்கிறார்கள். அவர்களின் பழைய டிஸ்க்குகள் பரண்களில் கிடக்கும். கல்லூரி நூலகங்கள் அவற்றைக் கேட்டு வாங்கலாம். உரிமை விஷயத்தைப் பாடியவர்களிடமே எழுதிக் கேட்கலாம். மின்னஞ்சல் போட்டால் பதில் வரும்.