தமிழகத்தில் லுத்தரன் போதகர் பயிற்சி

லுத்தரன் போதகர் பயிற்சி என்பது, லுத்தரன் திருச்சபைகளில் போதகராகவும் அருட்பணியாளராகவும் பணியாற்ற இருப்போருக்கு அளிக்கப்படும் இறையியல் கல்வியையும் களப்பயிற்சியையும் சேர்த்துக் குறிக்கும். தமிழ்நாட்டில் இப்பயிற்சி 1716இல் தரங்கம்பாடியில் எட்டு மாணவர்களுடன் தொடங்கியது. அவ்வாண்டிலிருந்து கணக்கிட்டால், ஒரு தமிழர் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற 17 ஆண்டுகளும், ஓர் இந்தியர் பேராயராக 240 ஆண்டுகளும் ஆயின. பயிற்சி அளிப்பது விரைவில் நடந்தது; பயிற்சி பெற்றவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது மெதுவாகவே நடந்தது. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால்தான் இன்றைய இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டமும் புரியும்.

உபதேசியாரும் போதகரும்

இவ்வரலாற்றைப் படிப்பவர் முதலில் இரண்டு பதவிகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். உபதேசியார் என்பவர் வேதபாடம் கற்பிப்பார், ஜெபக்கூட்டம் நடத்துவார், வீடுகளைச் சந்திப்பார். போதகர் இவற்றுடன் திருமுழுக்குக் கொடுப்பார், திருவிருந்தும் வழங்குவார். மார்ட்டின் லுத்தர் (1483–1546), விசுவாசிகள் எல்லோரும் இறைவன் முன் குருக்களே என்று போதித்தவர். ஆயினும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவும் சாக்கிரமெந்துகளை நடத்தவும் முறையான அழைப்புப் பெற்றவரே உரியவர் என்று லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530) வரையறுக்கிறது. அந்த அழைப்பை உறுதிசெய்யும் சடங்கே குருப்பட்டம்.

எனவே உபதேசியார் எவ்வளவு கற்றவராயினும், குருப்பட்டம் பெறாதவரை, திருவிருந்து நாளில் வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டும். தொடக்க காலத்தில் அந்த வேறொருவர் எப்போதும் ஐரோப்பியராகவே இருந்தார்.

தரங்கம்பாடியில் தொடக்கம்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ ஆகிய இரு ஜெர்மானியர் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தனர். கல்வியையும் பக்தியையும் இணைத்துப் பள்ளிகள் நடத்திய ஹாலே நகரத்துப் பேராசிரியர் பிராங்கேயின் வழியில் வந்தவர்கள் அவர்கள்.

சீகன்பால்கு ஆசிரியராகும் முன் மாணவரானார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். பின்னர் ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் படித்தார். லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, 1714 தொடங்கித் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி 1715இல் முழுமை பெற்றது. போதகர் பயிற்சிக்கு வேண்டிய பாடநூல்கள் இவ்வாறு தமிழிலேயே உருவாயின.

1716இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் நோக்கம், உள்ளூர் இளைஞர்களை உபதேசியார்களாகவும் பள்ளி ஆசிரியர்களாகவும் ஆக்குவது. வெளிநாட்டிலிருந்து வருவோர் சிலரே. வந்தவர்களும் வெப்பத்தாலும் நோயாலும் விரைவில் இறந்தனர். சீகன்பால்கே 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் காலமானார். உள்ளூர்ப் பணியாளர் இல்லாமல் சபை நிலைக்க முடியாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

மக்களின் சமயத்தை அறிவதும் அருட்பணிப் பயிற்சியின் பகுதி என்று சீகன்பால்கு கருதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிய விரிவான நூல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அக்காலத்தில் அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அருட்பணியாளர்களுக்கு அது அச்சு நூலாகக் கிடைக்கவில்லை.

ஆரோன்: முதல் தமிழ்ப் போதகர்

கடலூரில் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம், 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். பள்ளியிலும் சபைகளிலும் பல ஆண்டுகள் உபதேசியாராகப் பணியாற்றிய பின், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதன்முதலாகப் புராட்டஸ்டன்டு குருப்பட்டம் பெற்றவர் இவரே. டேனிய எல்லைக்கு வெளியே, ஐரோப்பியர் எளிதில் செல்ல முடியாத தஞ்சாவூர் அரசின் ஊர்களில் சபைகளை நடந்தே சந்தித்து வந்தார். 1745இல் மறைந்தார். அவருக்குப் பின் தியோகு 1741இல் குருப்பட்டம் பெற்று அப்பணியில் இணைந்திருந்தார்.

ஆரோனின் பயிற்சி முறை கவனிக்கத்தக்கது. முதலில் கற்பித்தல், பிறகு ஊழியத்தில் உதவி, அதன் பின் தேர்வு, கடைசியில் குருப்பட்டம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள் இதில் தம் கற்பித்தல் பயிற்சிக் காலத்தை அடையாளம் காண்பார்கள். வகுப்பறையில் கேட்டதைக் களத்தில் செய்து பார்த்து, மூத்தவர் முன்னிலையில் திருத்திக்கொள்வதே இரண்டுக்கும் பொதுவான முறை.

இராஜநாயக்கன்: மறுக்கப்பட்ட பட்டம்

ஆரோனின் காலத்திலேயே வாழ்ந்த இன்னொருவர் இராஜநாயக்கன். தஞ்சாவூர் மன்னரின் படையில் பணிபுரிந்தவர். கத்தோலிக்கராக இருந்த அவர், தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்தார். உபதேசியாராகித் தஞ்சாவூர்ப் பகுதியில் சபைகளை வளர்த்தார். அறிவிலும் உழைப்பிலும் அவரிடம் குறை காணப்படவில்லை. எனினும் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. அவர் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். பிற சாதியார் அவர் கையிலிருந்து திருவிருந்து பெறத் தயங்குவார்கள் என்று அருட்பணியாளர்கள் கருதினர். ஆயுள் முழுவதும் உபதேசியாராகவே இருந்தார்.

எல்லோரும் குருக்களே என்ற போதனையை ஏற்ற சபையில் இது நடந்தது. அருட்பணியாளர்கள் சபை பிளவுபடுமோ என்று அஞ்சினர் என்பது உண்மை. அந்த அச்சத்திற்கான விலையை அவர்கள் கொடுக்கவில்லை, இராஜநாயக்கன் கொடுத்தார் என்பதும் உண்மை.

சுவார்ட்ஸ், லைப்சிக் காலம்

1750இல் வந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், திருச்சியிலும் தஞ்சாவூரிலும் தம் இல்லத்தையே பயிற்சிக்கூடமாக்கினார். உபதேசியார்கள் காலையில் அவரோடு ஜெபித்துப் பணிக்குப் புறப்படுவர். மாலையில் திரும்பி, சந்தித்தவர்களைப் பற்றியும் பேசியவற்றைப் பற்றியும் எடுத்துரைப்பர். அவ்வாறு உருவானவர்களில் ஒருவர் சத்தியநாதன். 1790இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிச் சபைகளுக்குப் போதகரானார். அந்நிகழ்வில் அவர் தமிழில் ஆற்றிய பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சாயிற்று. வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864) சுவார்ட்ஸின் மாணவரே. தரங்கம்பாடியிலும் இறையியல் பயின்றவர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தரங்கம்பாடிப் பணியை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் ஏற்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், அருட்பணியாளர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, 1848இல் மிஷனின் தலைமையிடத்தை டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் நகருக்கு மாற்றினார். அவரே தமிழ் கற்றுத் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். கல்வியில் உயர்ந்த தரம் கோரிய இம்மிஷன், சபைக்குள் சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொண்டது. இதனால் மற்ற புராட்டஸ்டன்டு மிஷன்களோடு கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது.

சுயாட்சியும் கல்லூரிகளும்

முதல் உலகப் போரில் ஜெர்மானிய அருட்பணியாளர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் முதல் பேராயர் ஹேமன் (1921) சுவீடன் நாட்டவர். 1956இல் ராஜா பி. மாணிக்கம் தரங்கம்பாடிப் பேராயராகி, அப்பதவிக்கு வந்த முதல் இந்தியரானார்.

போதகர் பயிற்சி நடைபெறும் முக்கிய நிறுவனங்கள் மூன்று.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி 1927இல் தோன்றியது. இந்தியாவின் பல மாநில லுத்தரன் சபைகளுக்கும் இது பொதுவானது.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் உருவானது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபையும் இணைந்து நடத்துவது. சேரிகளிலும் கிராமங்களிலும் மாணவர் தங்கிப் பயில்வது இதன் சிறப்பு.

நாகர்கோவிலில் உள்ள கன்கார்டியா இறையியல் கல்லூரி, 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அமெரிக்க மிசௌரி மிஷனின் வழிவந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது.

குருகுல், அரசரடி ஆகியவற்றின் பட்டங்களைச் செராம்பூர் கல்லூரியின் ஆட்சிமன்றம் வழங்குகிறது. செராம்பூரும் தரங்கம்பாடியைப் போலவே அன்று டேனியக் குடியேற்றம். 1827இல் டென்மார்க் அரசர் அளித்த பட்டயமே அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது.

இன்றைய பயிற்சி

இளங்கலை இறையியல் (பி.டி.) படிப்பே போதகர் பணிக்கான வழக்கமான தகுதி. மாணவரைச் சபையே தேர்ந்தெடுத்து அனுப்புவது பெரும்பாலான வழக்கம். பழைய, புதிய ஏற்பாடுகள், அவற்றின் மூலமொழிகளான எபிரேயமும் கிரேக்கமும், திருச்சபை வரலாறு, இறையியல், பிற சமயங்கள், பிரசங்கக் கலை, ஆற்றுப்படுத்துதல் ஆகியன பாடங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர் ஒரு சபையில் உதவுவார். படிப்பு முடிந்த பின்னும் மூத்த போதகரின் கீழ்ச் சில காலம் பணியாற்றி, தகுதி உறுதியான பிறகே குருப்பட்டம் பெறுவார்.

பூந்தமல்லியில் உள்ளது போன்ற கத்தோலிக்கக் குருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். லுத்தரன் போதகர் திருமணம் செய்துகொள்ளலாம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் பெண்களும் போதகராகின்றனர்.

பாடத்திட்டத்தில் ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றம் தலித் இறையியலின் வருகை. 1980களில் இத்துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் அரவிந்த் பி. நிர்மல். அவர் குருகுல் கல்லூரியில் தலித் இறையியல் துறையை வழிநடத்தினார். ஒடுக்கப்பட்டோரின் வாழ்வனுபவத்திலிருந்தே வேதத்தை வாசிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது ஏன் என்பது அன்று அருட்பணியாளர்களின் கடிதங்களுக்குள் பேசி முடிக்கப்பட்ட செய்தி. இன்று அது வகுப்பறையில் மாணவர் படித்து, விவாதித்து, விடை எழுத வேண்டிய பாடம்.

சபைகளில் சாதி மறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பட்டம் பெற்று வெளியேறும் இளம் போதகர் முதல் திருவிருந்தை நடத்தும் நாளில், யார் யார் எழுந்து முன்னே வருகிறார்கள் என்பதில்தான் அவர் படித்த பாடத்தின் பயன் தெரியும்.