ஒரே பாறை, இரண்டு தலையெழுத்து: பசுவந்தனை கரிசலும் கிரீன்லாந்தும்

பசுவந்தனை பக்கம் புது வீட்டுச் சுவரில் கீறல் விழுந்தால், “கொத்தனார் சரியில்ல” என்பார்கள். பாவம் கொத்தனார்! பல நேரம் குற்றவாளி அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண்தான்.

கரிசல் என்றால் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். மகாராஷ்டிரத்துக்கு அது சரி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வழிந்த குழம்பு வட கர்நாடகத்தோடு நின்றுவிட்டது. கோவில்பட்டிக்கு எட்டவே இல்லை. நம் கரிசலுக்கு அடியில் கிடப்பது வரிவரியான ‘நைஸ்’ பாறையும் அதன் கூட்டாளிகளும்.

கிரீன்லாந்தின் அடித்தளத்திலும் பெரும்பகுதி நைஸ்தான். நூக் நகரை அடுத்த இசுவாவில் 370 கோடி ஆண்டு பழைய பாறைகள்கூட உண்டு. நம்முடையவை அவ்வளவு கிழம் இல்லை. அந்தத் தீவில் ஐந்தில் நான்கு பங்கு பனிக்கட்டி, சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமன். அது நகரும்போது அடிப்பாறையை மாவாக அரைக்கிறது. அரைபட்டாலும் தாதுக்கள் மாறுவதில்லை. அந்த மாவை உரமாக்க முடியுமா என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மினிக் ரோசிங் குழு ஆராய்கிறது.

நம்ம ஊரில் அரைவை கிடையாது, ஊறல்தான். வெயிலும் தண்ணீரும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை மக்க வைத்தன. மழை குறைவு, தரையும் சமதளம். அதனால் சுண்ணாம்பும் மக்னீசியமும் அடித்துப் போகாமல் தங்கி, ‘ஸ்மெக்டைட்’ என்ற களி உருவானது. உழும்போது கிடைக்கும் சுக்கான் கல் அந்தச் சுண்ணாம்பின் மிச்சம்.

இந்தக் களி, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தால் உப்பும்; காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகும் பருத்தியும் மல்லியும் நிற்பது இது சேர்த்து வைத்த ஈரத்தால்தான். ஆனால் களி கஞ்சன்; ஒரு பங்கு தண்ணீரை வேருக்கு விடவே விடாது. தோண்டினால் மண் ஈரமாகத்தான் இருக்கும், செடி வாடி நிற்கும்.

வீட்டுக்கு வருவோம். கரிசலுக்கென்றே ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது, அடிப்பக்கம் குமிழாக விரியும் ‘அண்டர் ரீம்’ பைல். உப்பிச் சுருங்கும் மேல்மண்ணைத் தாண்டி, அசையாத ஆழத்தில் அது கால் ஊன்றும். செலவு கூடுதல்தான். பழைய வீட்டுக்காரர்கள் கூரைத் தண்ணீரைச் சுவரோரம் தேங்க விடாதீங்க. ஒரு பக்கம் நனைந்து உப்பி, மறுபக்கம் காய்ந்து சுருங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது.