தாயக் கட்டையும் நிகழ்தகவும்

கூட்டு நிகழ்தகவு உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்க்குக் கடினமாய்த் தோன்றுவது, அனுபவத்திற்கு முன்னே சூத்திரம் வைக்கப்படுதலால் என்பது எமது துணிபு. தாயக் கட்டை இரண்டினை அவர் கையிற் கொடுப்போமாக. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என முகங்கள் நான்கு உள. நான்கும் ஒப்ப வீழ்வன எனக் கொள்ளின், இரு கட்டைகளும் வீழும் வகை 4 × 4 = 16. தாயத்திற்கு ஒன்றும் வெறுமையுமாக 2 வகையே உண்டு. ஆதலின் அதன் நிகழ்தகவு 1/8. பன்னிரண்டுக்கு இரண்டும் வெறுமையாதல் வேண்டும், அது 1/16. இவற்றைத் தாமே வரிசைப்படுத்தி எண்ணுவாராயின் பெருக்கல் விதி எளிதில் விளங்கும்.

ஒரு கட்டை மற்றொன்றைச் சாராமையாலன்றோ இங்ஙனம் பெருக்கினோம்? இந்நிபந்தனையை விளக்கச் சவ்வாது மலைக் காவலூர் வானாய்வகம் உதவும். 1986இல் தொடங்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி ஆங்குளது. மேகம் மூடின் அதனாற் பயனில்லை. ஓரிரவு தெளிதற்குத் தகவு 1/2 எனக் கொண்டால், அடுத்தடுத்த ஈரிரவும் தெளிதற்கு 1/4 எனலாமோ? ஆகாது. பருவமழை மேகம் வந்தாற் பன்னாள் தங்கும். தெளிவும் அவ்வாறே தொடரும். ஆதலின் முதலிரவு தெளிந்ததென அறிந்தபின் மறுநாள் தெளிதற்குரிய தகவையே பெருக்கல் வேண்டும்.

பன்முறை தாயம் விழாதவன், "இனி விழுந்தே தீரும்" என்று பந்தயம் வைத்துப் பொருளிழக்கின்றான். முன்னை வீழ்ச்சியைக் கட்டை அறியாது. சார்ந்தவற்றையும் சாராதவற்றையும் பிரித்தறியும் இவ்வறிவைத் தருதலே இப்பாடத்தின் பயனாம்.