மேடையில் கலக்கிய ஸ்டீவ் ஜாப்ஸ்... கணக்கில் கலக்கிய டிம் குக்! ஸ்ரீபெரும்புதூர் வரை வந்த ஐபோன் கதை

ஸ்ரீபெரும்புதூர்:

ஒரு கம்பெனியை தூக்கி நிறுத்திய தலைவர் போய்விட்டால், அடுத்து வருபவரை ஊர் சும்மா விடுமா? "என்ன இருந்தாலும் அவர் மாதிரி வருமா?" என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும்.

இந்த பேச்சை வருஷக்கணக்கில் கேட்டவர் டிம் குக். 2011-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஐபோனை உலகுக்கு காட்டிய ஸ்டீவ் ஜாப்ஸ் விலகியதும் ஆப்பிள் கம்பெனியின் தலைமை செயல் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர்தான்.

இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள்? அமெரிக்காவில் நடந்த இந்த மாற்றத்துக்கும் நம்ம ஊர் ஷிப்ட் பஸ்சுக்கும் என்ன சம்பந்தம்? இதோ விவரம்:-

வெளியேறி திரும்பி வந்தவர்

ஸ்டீவ் ஜாப்ஸ் 1955-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர். பெற்றவர்கள் தத்து கொடுத்துவிட, பால் ஜாப்ஸ்- கிளாரா தம்பதி எடுத்து வளர்த்தனர். வளர்ப்பு தந்தை மெஷின் வேலை தெரிந்த தொழிலாளி. ஜாப்ஸ் காலேஜ் படிப்பை பாதியில் விட்டவர்.

1976-ம் ஆண்டு நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக்குடன் சேர்ந்து ஆப்பிளை தொடங்கியபோது அவருக்கு வயது 21. கம்பெனி கிடுகிடுவென வளர்ந்தது. ஆனால் நிர்வாகத்தில் மோதல் வெடித்து, 1985-ல் தான் தொடங்கிய கம்பெனியை விட்டே வெளியேற நேர்ந்தது.

1997-ல் அவர் திரும்பி வந்தபோது ஆப்பிள் திவாலாகும் நிலையில் இருந்தது. அந்த ஒரு ஆண்டில் மட்டும் நஷ்டம் 100 கோடி டாலருக்கு மேல். ஜாப்ஸ் வந்ததும் தேவையில்லாத பொருட்களை எல்லாம் நிறுத்தினார். 1998-ல் ஐமேக் கம்ப்யூட்டர், 2001-ல் பாட்டு கேட்கும் ஐபாட், 2007-ல் ஐபோன், 2010-ல் ஐபேட் என்று வரிசையாக இறக்கினார்.

கருப்பு சட்டை, நீல ஜீன்ஸ். இதுதான் மேடையில் அவர் கெட்டப். நிகழ்ச்சி முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது "இன்னும் ஒண்ணு இருக்கு" என்பார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். சினிமா முதல் நாள் ஷோ மாதிரி ஆப்பிள் கடை வாசலில் ஜனம் ராத்திரியே வரிசையில் படுத்துக் கிடந்தது.

ஆள் கோபக்காரர். வேலை பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகவே திட்டிவிடுவார். ஆனாலும் அவர் பேச்சில் ஒரு மயக்கம் இருந்தது என்று கூட வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கணையத்தில் புற்றுநோய் வந்து அவதிப்பட்ட ஜாப்ஸ், 2011 அக்டோபர் 5-ந்தேதி தனது 56-வது வயதில் காலமானார். அதற்கு முந்தைய நாள்தான் ஐபோன் 4எஸ் அறிமுகம் நடந்தது. மேடையில் நின்றவர் டிம் குக்.

கப்பல் பட்டறை தொழிலாளி மகன்

டிம் குக் 1960-ம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டும் பட்டறையில் தொழிலாளி. அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். என்ஜினீயரிங் படித்தவர், எம்.பி.ஏ.வும் முடித்தவர். ஐ.பி.எம். கம்பெனியில் 12 ஆண்டுகள் இருந்தார். 1998-ல் ஆப்பிளுக்கு வந்தார்.

அவருக்கு கொடுத்த வேலை, பளபளப்பு இல்லாத வேலை. உதிரி பாகம் எங்கே வாங்குவது, எங்கே தயாரிப்பது, குடோனில் எவ்வளவு வைப்பது என்ற கணக்கு.

அவர் வந்த சமயத்தில் ஆப்பிள் குடோன்களில் சுமார் ஒரு மாதத்துக்கான சரக்கு தேங்கிக் கிடந்தது. குக் என்ன செய்தார்? 19 குடோன்களில் 10-ஐ இழுத்து மூடினார். முக்கிய பாகம் சப்ளை செய்தவர்களின் எண்ணிக்கையை 100-ல் இருந்து 24 ஆக குறைத்தார். சில மாதங்களிலேயே கையிருப்பு 6 நாள் சரக்காக சுருங்கியது.

இந்த தொழிலை பால் வியாபாரம் மாதிரி நடத்தணும் என்பது அவர் கொள்கை. காலையில் வந்த பால் பாக்கெட் அன்றைக்கே விற்கவில்லை என்றால் என்ன ஆகும்? கெட்டுப்போகும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். புது மாடல் வந்துவிட்டால் குடோனில் கிடக்கும் பழசை யாரும் சீண்ட மாட்டார்கள்.

அவரைப் பற்றி ஒரு சம்பவம் பரவலாக பேசப்படுவது உண்டு. ஆசியாவில் ஏதோ சிக்கல் என்று ஒரு கூட்டம் நடந்தது. "யாராவது சீனாவுக்கு போய் இதை பார்க்கணும்" என்றார் குக். அரை மணி நேரம் கழித்து, அந்த பொறுப்பில் இருந்த அதிகாரி சபி கானை பார்த்து, "நீங்க இன்னும் ஏன் இங்க இருக்கீங்க?" என்று கேட்டாராம். குரல் உயரவே இல்லை. கான் எழுந்து நேராக விமான நிலையத்துக்கு போய்விட்டார்.

ஜாப்ஸ் சத்தம் போட்டு வேலை வாங்கினார். குக் சத்தமே இல்லாமல் வேலை வாங்கினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜாப்ஸ் சொன்ன யோசனை

குக் பொறுப்பேற்றதும், "இனி ஆப்பிள் அவ்வளவுதான்" என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். 2012-ல் ஆப்பிள் விட்ட மேப் சொதப்பியது. வழி தப்பு தப்பாக காட்ட, குக் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டு கடிதம் வெளியிட்டார். கார் தயாரிக்கும் திட்டம் பல ஆண்டுகள் ஓடி, 2024-ல் கைவிடப்பட்டது. ஐபோன் மாதிரி உலகத்தையே புரட்டிப்போடும் இன்னொரு பொருள் குக் காலத்தில் வரவில்லை என்ற குறை நிற்கத்தான் செய்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. 2015-ல் ஆப்பிள் வாட்ச், 2016-ல் வயர் இல்லாத ஏர்பாட், 2020-ல் சொந்த சிப் பொருத்திய மேக் கம்ப்யூட்டர் வந்தன. பங்குச்சந்தையில் ஆப்பிளின் மதிப்பு 2011-ல் சுமார் 35 ஆயிரம் கோடி டாலர். 2018-ல் 1 லட்சம் கோடி டாலரை தொட்டது. 2023-ல் 3 லட்சம் கோடியை தாண்டியது.

"நான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்காதே, எது சரியோ அதை செய்" என்பதுதான் ஜாப்ஸ் தனக்கு சொன்ன யோசனை என்று குக் பலமுறை கூறியிருக்கிறார். தொடுதிரைக்கு பேனா எதற்கு என்று 2007-ல் ஜாப்ஸ் மேடையிலேயே கிண்டல் அடித்தார். 2015-ல் குக் ஐபேடுக்கு பென்சில் விற்றார். குருநாதரை காப்பி அடித்திருந்தால் இது நடந்திருக்காது.

நோக்கியா போச்சு, ஐபோன் வந்துச்சு

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ம் ஆண்டு நோக்கியா செல்போன் தொழிற்சாலை உற்பத்தியை தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் ஜாப்ஸ் ஐபோனை தூக்கி காட்டினார். ஐபோனும், பின்னால் வந்த ஆண்ட்ராய்டு போன்களும் நோக்கியாவின் மார்க்கெட்டை காலி செய்தன. வரி பிரச்சினையும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டது. யூனிபார்ம் போட்டு வேலைக்கு போன பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தனர்.

அந்த வேலை வேறு ரூபத்தில் திரும்பி வந்ததற்கு குக் போட்ட கணக்கு ஒரு காரணம். ஐபோனை சீனாவில் செய்ய வைத்து பெரிதாக வளர்த்தவரே அவர்தான். ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருந்தால் ஆபத்து என்பது பிறகு உறைத்தது. அமெரிக்கா- சீனா வரி சண்டை, கொரோனா ஊரடங்கு எல்லாம் வந்து மிரட்ட, வேலை இந்தியா பக்கம் திரும்பியது. 2019 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பாக்ஸ்கான் ஐபோனை பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் ஜூன் காலாண்டில் விற்கும் ஐபோன்களில் பெரும்பகுதி இந்தியாவில் தயாரானதாக இருக்கும் என்று 2025 மே மாதம் குக் வாயாலேயே சொன்னார்.

கணக்கின் இன்னொரு முகம்

ஆனால் இதே கணக்குக்கு ஒரு விலையும் உண்டு. சரக்கை தேக்கி வைக்காமல் நாள் கணக்கில் ஓட்டினால், ஆர்டர் ஏறும்போது ஆள் வேண்டும், இறங்கும்போது ஆள் வேண்டாம். அந்த ஏற்ற இறக்கத்தை தாங்குவது ஒப்பந்த தொழிலாளிதான்.

ஜாப்ஸ் காலத்தில், 2010-ல் சீனாவில் பாக்ஸ்கான் ஊழியர்கள் 10-க்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து தற்கொலை செய்துகொண்டது உலகையே உலுக்கியது. குக் வந்த பிறகு, 2012-ல் வெளி அமைப்பை வைத்து தொழிற்சாலைகளை சோதிக்க வைத்தார். அப்போது அளவுக்கு மீறிய ஓவர்டைம் வாங்கியது வெளிச்சத்துக்கு வந்தது.

அப்படியும் 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். கொதித்துப்போன பெண்கள் சென்னை- பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தனர். விடுதிகளும் சாப்பாட்டு கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, தொழிற்சாலையை கண்காணிப்பில் வைத்தது. மூடிய தொழிற்சாலை 2022 ஜனவரியில்தான் திறந்தது.

ஜாப்ஸ் பெரியவரா, குக் பெரியவரா என்று உலகம் பேசிக்கொண்டே இருக்கும். ஜாப்ஸ் இல்லாவிட்டால் ஐபோனே இல்லை. குக் இல்லாவிட்டால் அதை கோடிக்கணக்கில் செய்து குவித்திருக்க முடியாது. ஆனால் எந்த தலைவர் வந்தாலும் அந்த போனை பூட்டுவது ஷிப்டுக்கு போகும் பெண்களின் விரல்கள்தான். குடோன் சரக்கை 6 நாள் கையிருப்பாக ஒழுங்கு செய்த கம்பெனிக்கு, அந்த பெண்களின் சாப்பாட்டு தட்டை ஒழுங்கு செய்ய நெடுஞ்சாலை மறியல் தேவைப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது.