டொரோண்டோ வீதிகளில் சைக்கிள்: புதிதாகத் தொடங்குவோருக்கு எவை அவசியம்?

கனடாவின் டொரோண்டோ நகரில் ஏப்ரல் மாதம் பிறந்ததும் சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வருகின்றன. ஒன்டாரியோ ஏரிக்கரையோரம் செல்லும் மார்ட்டின் குட்மன் பாதையிலும், தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவில் உயர் அழுத்த மின்கம்பித் தடத்தை ஒட்டிச் செல்லும் மெடோவே பாதையிலும் மெல்லிய டயர் கொண்ட சைக்கிள்களில் விரைவோரை இக்காலத்தில் பரவலாகக் காணலாம்.

தமிழர்களுக்குச் சைக்கிள் புதியதல்ல. 1990ல் இலங்கையின் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைசெய்யப்பட்டதை அடுத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் போக்குவரத்தைப் பெரிதும் தாங்கி நின்றது துவிச்சக்கர வண்டிதான். சாரத்துடனும் சேலையுடனும், பின்புறக் கரியரில் சுமையுடனும் ஓட்டிப் பழகிய தலைமுறையினருக்குத் தலைக்கவசமும் உடலை ஒட்டிய உடையும் வீண் ஆடம்பரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் மோட்டார் வாகனங்கள் அருகிப்போயிருந்த அந்த வீதிகள் வேறு; கார்களும் கனரக வாகனங்களும் மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் அருகே கடந்து செல்லும் டொரோண்டோவின் பெருவீதிகள் வேறு. இங்கு சில பொருட்கள் உயிரோடு தொடர்புடையவை. சில, நெடுந்தூரம் ஓட்டும் உடலுக்குத் தேவையானவை. மற்றவற்றை வாங்காமலே பல மாதங்கள் ஓட்டலாம்.

சட்டம் கோருபவை

ஒன்டாரியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் சைக்கிளையும் ஒரு வாகனமாகவே கருதுகிறது. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, உதித்து அரை மணி நேரம் ஆகும் வரை, முன்புறத்தில் வெள்ளை அல்லது இளமஞ்சள் விளக்கும், பின்புறத்தில் சிவப்பு விளக்கு அல்லது ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு வில்லையும் இருக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையில் வெள்ளை நிறத்திலும், பின்புறச் சட்டத்தில் சிவப்பு நிறத்திலும் எதிரொளிக்கும் பட்டைகள் ஒட்டப்பட வேண்டும். மணி அல்லது ஒலிப்பானும், பின் சக்கரத்தை நிறுத்தக்கூடிய பிரேக்கும் கட்டாயம்.

விளக்கு இல்லாமல் ஓட்டுவோருக்கான அபராதம் 2015ல் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முதல், சைக்கிளைக் கடந்து செல்லும் வாகனங்கள் இயன்றவரை ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. எனினும், சாரதியின் கண்ணில் சைக்கிள் பட்டால்தான் அந்த இடைவெளி கிடைக்கும். இரவுப் பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது நல்ல விளக்குகளையே.

தலைக்கவசம்

1995 அக்டோபர் முதல், 18 வயதுக்குட்பட்டோர் சைக்கிள் ஓட்டும்போது தலைக்கவசம் அணிவதை ஒன்டாரியோ கட்டாயமாக்கியுள்ளது. பெரியவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா, நோவா ஸ்கோஷியா போன்ற மாகாணங்களில் எல்லா வயதினருக்கும் உண்டு.

ஒன்டாரியோவின் தலைமை மரண விசாரணை அதிகாரி அலுவலகம் 2012ல் வெளியிட்ட ஆய்வு, 2006 முதல் 2010 வரை அம்மாகாணத்தில் நிகழ்ந்த 129 சைக்கிள் மரணங்களைப் பரிசீலித்தது. இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே தலைக்கவசம் அணிந்திருந்தனர்.

தலைக்கவசத்தின் உட்புறம் உள்ள நுரைப் பொருள், மோதலின்போது தானே நசுங்கி அதிர்ச்சியின் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே, விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். வரலாறு தெரியாத பழைய தலைக்கவசத்தை வாங்குவதும் நல்லதல்ல.

விலை கூடியதே பாதுகாப்பானது என்று கருதத் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட தரச்சான்று உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும், தலையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நெற்றியை மறைக்க வேண்டும். பட்டையைப் பூட்டிய பின் தலையை அசைத்தால் கவசம் நகரக் கூடாது.

உடலுக்கு ஏற்ற உடை

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவரை முதலில் வருத்துவது இருக்கைதான். சாதாரணக் காற்சட்டையின் தடித்த தையல்கள் தோலில் உரசிப் புண்ணாக்கும். இதைத் தவிர்க்கவே உட்புறம் மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டை பயன்படுகிறது. உரசலைக் குறைப்பதே அதன் நோக்கம் என்பதால் அதனுள் வேறு உள்ளாடை அணிவதில்லை. உடலை ஒட்டிய தோற்றத்தை விரும்பாதவர்கள் அதன் மேல் தளர்வான காற்சட்டை ஒன்றை அணிந்துகொள்ளலாம்.

பருத்தி உடை நம்மவருக்குப் பழக்கமானது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஏரிக்காற்று வீசும்போது அந்த ஈரம் உடலின் வெப்பத்தை விரைவாகக் குறைத்துவிடும். விரைவில் உலரும் செயற்கை இழை அல்லது மெல்லிய மெரினோ கம்பளி மேலாடை இதற்கு ஏற்றது. வசந்தகாலத்தில் காலையும் மதியமும் வெப்பநிலை பெரிதும் வேறுபடுவதால், கனத்த ஒரே மேலங்கியைவிட, கழற்றி மடித்துப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய காற்றுத் தடுப்பு அங்கி பயனுள்ளது. புறப்படும்போது சற்றே குளிர்ந்தால் உடை அளவாக உள்ளது என்று கொள்ளலாம். பத்து நிமிடத்தில் உடல் சூடாகிவிடும்.

கையுறைகள் உள்ளங்கை மரத்துப்போவதைக் குறைக்கும். விழும்போது மனிதர் முதலில் ஊன்றுவது கையை என்பதால் தோலையும் காக்கும். காலணியைப் பொறுத்தவரை, அடிப்பாகம் அதிகம் வளையாத சாதாரணக் காலணியே தொடக்கத்தில் போதும். பெடலுடன் பூட்டிக்கொள்ளும் சிறப்புக் காலணியை, போக்குவரத்து விளக்குகளில் நின்று புறப்படுவது நன்கு கைவந்த பிறகு வாங்கலாம்.

வழியில் தேவைப்படுபவை

பஞ்சர் ஒட்டும் கடை யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி கிடைக்கும். டொரோண்டோவில் அவ்வாறு கிடைக்காது. எனவே மாற்று டியூப் ஒன்று, டயரைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பிகள், கையடக்கப் பம்ப், சிறு சாவித் தொகுதி, தண்ணீர்ப் போத்தல் ஆகியவை உடன் இருக்க வேண்டும். டியூப் மாற்றுவதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகுவது நல்லது.

நகர மையத்தில் ஓடும் ட்ராம் வண்டிகளின் தண்டவாளப் பள்ளங்களில் மெல்லிய டயர்கள் சிக்கிக்கொள்ளும். அவற்றை இயன்றவரை செங்கோணமாகக் கடக்க வேண்டும். மழையில் நனைந்த தண்டவாளம் வழுக்கும் என்பதால் அதன் மேல் திரும்புவதோ பிரேக் பிடிப்பதோ ஆபத்தானது.

எந்த உபகரணமும் காருடன் நேரும் மோதலைத் தடுத்துவிடாது. மேற்குறிப்பிட்ட 2012 ஆம் ஆண்டு ஆய்வும் தலைக்கவசத்துடன் நின்றுவிடாமல், சைக்கிள் ஓட்டுவோரையும் கருத்தில் கொண்டு வீதிகள் வடிவமைக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் புளோர், யங், யுனிவர்சிட்டி வீதிகளின் சைக்கிள் தடங்களை அகற்ற 2024ல் மாகாண அரசு சட்டம் இயற்றியது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலையில் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீதிகள் குறித்த இந்த வாதம் விரைவில் ஓயப்போவதில்லை. புதிதாக ஓட்டத் தொடங்குபவரின் கையில் உள்ளவையோ விளக்கும், மணியும், தலைக்கவசமும்தான். கையில் உள்ள பணத்தை முதலில் அவற்றுக்குச் செலவிடுவதே உகந்தது.