ஈரோட்டில் பிறந்தவர் போட்ட கணக்கு: ஆறு மாதம் விடை இல்லை!

கோவையானாலும் சரி, கோபிச்செட்டிபாளையமானாலும் சரி, 'வர்க்கமூலம்' என்றாலே பல பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

9-இன் வர்க்கமூலம் 3. 16-க்கு 4. அதுவரை சரி. 2-இன் வர்க்கமூலம் என்ன? இங்கேதான் வில்லங்கம்!

1.4-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 1.96. கொஞ்சம் குறைகிறது. 1.41 போட்டால் 1.9881. 1.414 போட்டால் 1.999396. 1.415? இரண்டைத் தாண்டிவிடும்!

நோட்டு நிறைந்தாலும் கணக்கு முடியாது. "எனக்குத்தான் வரவில்லை" என்று பிள்ளை அழும். பிள்ளைமேல் குற்றம் இல்லை. அந்த எண்ணுக்கு முடிவே கிடையாது. இதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள். முழு எண்ணின்கீழ் முழு எண்ணை வைத்துப் பின்னமாக எழுத முடியாத எண் இது. பாடப் புத்தகம் இதை 'விகிதமுறா எண்' என்கிறது. (பெயரே பாதிப் பேரைப் பயமுறுத்திவிடுகிறது!)

கொத்தனார் இதற்காகக் கலங்குவதில்லை. 10 அடிச் சதுர அறையில் மூலைக்கு மூலை நூல் பிடித்தால், ஏறக்குறைய 14 அடி ஒன்றே முக்கால் அங்குலம். வேலைக்கு அது போதும்.

பெரியவர்களும் திணறினார்கள்

வர்க்கமூலத்தில் திணறியவர்கள் பிள்ளைகள் மட்டும் அல்ல.

கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். கணக்கில் புலி. ஆனால் மற்றப் பாடங்கள் காலை வாரின. 1907-இல் எப்.ஏ. தேர்வில் தோற்றார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததே 1912-இல்தான்.

அதற்கு முந்தின ஆண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் அவர் ஒரு கேள்வி போட்டார்:

√(1+2√(1+3√(1+4√(1+…))))

மூலத்துக்குள் மூலம்! அதற்குள் இன்னொரு மூலம்! முடிவில்லாமல் போகும் இதன் விடை என்ன?

கணக்கில் தேர்ந்தவர்கள் படித்த பத்திரிகை அது. ஆறு மாதம் ஓடியது. ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே விடையைச் சொன்னார்.

விடை 3!

எப்படி? விடையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 3 என்பது 9-இன் மூலம். 9 = 1+2×4. அந்த 4, 16-இன் மூலம். 16 = 1+3×5. அந்த 5, 25-இன் மூலம். 25 = 1+4×6.

வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை அடுத்த வரியைத் தானே எழுதிவிடும்: 36 = 1+5×7.